திறந்த ஃபைலை யார் மூடுவது?



வானொலியில் சேர்ந்த முதல் வருடம். இரவு நிகழ்ச்சி. பாட்டைப் போட்டுவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, கதவருகே நின்ற நண்பரிடம் சொன்னேன்: “பசி உயிர் போகுது. கீழ போய் ஒரு நாசி லெமாக் வாங்கிட்டு வாங்க. சம்பல் கூடுதலா போடச் சொல்லுங்க.”

அடுத்த நிமிடமே தொலைபேசி அடித்தது. எங்கோ ஒரு அம்மா. “ஏம்மா, சாப்பிடாமயா வேலைக்கு வந்த?” என்று கேட்டார்.

நான் மைக்கை மூடவில்லை. பாட்டுக்கு நடுவே என் பசி ஊர் முழுக்க ஒலிபரப்பாகிவிட்டது!

அன்றிலிருந்து ஒரு பழக்கம். மைக்கைத் திறக்கும்போதே மூடுவதையும் நினைத்துக்கொள்வேன். மறந்தாலும், மேலே சிவப்பு விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கும். இந்த வாரம் சொல்லப்போவது, அப்படி ஒரு சிவப்பு விளக்கு இல்லாத இடத்தில் பல வருடமாகத் திறந்தே கிடந்த ஒன்றைப் பற்றி. கணினி விஷயம்தான். பயப்படாதீர்கள். ஊடகப் படிப்பு படித்த எனக்கே புரிந்துவிட்டது.

“நீ என்ன தொட்ட?”

என் சித்தி மகளுக்கு 24 வயது. கணினித் துறையில் பட்டம் வாங்கி, ஷா ஆலாமில் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிந்தால்தான் வேலை நிரந்தரம்.

கடந்த தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது, நள்ளிரவு ஒன்றரை மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு. அப்போதுதான் நான் வேலை முடித்து காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

“அக்கா, தூங்கிட்டீங்களா?”

“இல்லடா. என்ன இந்த நேரத்துல?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்க்கா.”

அவர்கள் நிறுவனத்தில் ஒரு புரோகிராம் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர் கேட்ட பொருளை டேட்டாபேஸிலிருந்து எடுத்து, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு டெலிவரி சீட்டை ஃபைலாக எழுதும். அந்தச் சீட்டு அச்சாகி வந்தால்தான் பார்சல் லாரியில் ஏறும். அன்று இரவு பதினொரு மணிக்கு அந்தப் புரோகிராம் நின்றுவிட்டது. திரையில் ஒரே ஒரு வரி: ஃபைலை எழுத முடியவில்லை. வெளியே வரிசையாக லாரிகள். உள்ளே மலைபோலத் தீபாவளிப் பார்சல்கள்.

எல்லோரும் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று நினைத்துப் போய்ப் பார்த்தார்கள். பாதிக்கும் மேல் காலியாக இருந்தது. வேறு வழி தெரியாமல் புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார்கள். ஒன்றுமே நடக்காததுபோல ஓட ஆரம்பித்தது. அதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது.

மேனேஜர் இவளைப் பார்த்துக் கேட்டாராம்: “பத்து வருஷமா ஓடுது லா இது. நீ வந்து நாலு மாசம்தான் ஆச்சு. என்ன தொட்ட?”

அவள் அந்தப் புரோகிராமைத் தொடவே இல்லை. ஒரு மாத அறிக்கையின் தலைப்பை மாற்றியிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் பத்துப் பேர் முன்னால் அப்படி ஒரு கேள்வி விழுந்துவிட்டால், தொடாதவளுக்கும் தான் தொட்டோமோ என்று தோன்றிவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த எல்லோருக்கும் இந்த வலி தெரியும்.

எனக்கு அன்றைக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான். “யாருன்னு அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல எது, ஏன் நின்னுச்சுன்னு பாரு. அப்புறம் வேலைய விடறதா வேணாமான்னு முடிவு பண்ணு.”

பட்டியலில் ஒரு விரல்

பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன முன்கதை வேண்டும்.

டேட்டாபேஸுடன் பேசும் மொழியின் பெயர் எஸ்க்யூஎல். தகவல்களை அட்டவணைகளாக வைத்துக் கையாளலாம் என்ற யோசனையை ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் வெளியிட்டார். அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் அதற்கு ஒரு மொழியை வகுத்தார்கள். எஸ்க்யூஎல்லின் தொடக்கம் அதுதான்.

ஆனால் எஸ்க்யூஎல் மட்டும் போதாது. கணக்குப் போட, ஃபைல் எழுத, அச்சடிக்க வேறு மொழி வேண்டும். அதனால் கோபால், சி போன்ற மொழிகளில் எழுதிய புரோகிராமுக்கு உள்ளேயே எஸ்க்யூஎல் வரிகளைப் பதித்து வைப்பார்கள். ‘எக்செக் எஸ்க்யூஎல்’ என்று தொடங்கும் வரிகள் அவை. ஒரு முன்தொகுப்பி அந்த வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்து, சி மொழிக்குப் புரியும்படி மாற்றிக்கொடுக்கும். இதற்குப் பெயர்தான் பதித்த எஸ்க்யூஎல்.

இங்கே ஒரு சிக்கல். எஸ்க்யூஎல்லிடம் “இன்றைய ஆர்டர்களைக் கொடு” என்று கேட்டால் மொத்தமாக ஒரு குவியலையே காட்டும். சி மொழிக்கோ ஒரு நேரத்தில் ஒன்றுதான் பார்க்கத் தெரியும். கோயிலில் அர்ச்சனைச் சீட்டுகள் மொத்தமாகக் குருக்களிடம் வந்துவிட்டாலும், அவர் ஒவ்வொரு பெயராகத்தானே படிக்க முடியும்? எந்தப் பெயர்வரை வந்தோம் என்று தெரிய, பட்டியலில் ஒரு விரலை வைத்துக்கொள்வார் அல்லவா? அந்த விரல்தான் கர்சர். லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஓடுபவர் என்று பொருள். பட்டியலின் மேல் ஓடும் விரல்.

கர்சருக்கு வாழ்க்கையில் நான்கே கட்டம். எந்தப் பட்டியல் என்று அறிவிப்பது, திறப்பது, ஒவ்வொரு வரியாக எடுப்பது, மூடுவது. ஒவ்வொரு வரியும் எடுத்த பிறகு டேட்டாபேஸ் ஒரு எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் சரி. 100 என்றால் இனி வரி இல்லை, பட்டியல் முடிந்தது. கழித்தல் குறியோடு வந்தால் ஏதோ தவறு.

அடுத்து ஃபைல். இதைக் கோயில் வாசலில் செருப்பு வைக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புரோகிராம் ஃபைலைத் திறந்தால், இயங்குதளம் அதற்கு ஒரு எண் டோக்கன் கொடுக்கும். மூடினால் டோக்கன் திரும்பிப் போகும். லினக்ஸ் கணினிகளில் ஒரு புரோகிராமுக்கு வழக்கமாக 1,024 டோக்கன்தான். அதில் 0, 1, 2 மூன்றும் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் பிழைச் செய்திக்கும் ஆரம்பத்திலேயே போய்விடும். மிச்சம் 1,021. எடுத்த டோக்கனைத் திருப்பித் தராமல் போய்க்கொண்டே இருந்தால், 1,022ஆவது ஆளுக்கு டோக்கன் கிடையாது. உள்ளே செருப்பு வைக்க எவ்வளவு இடம் இருந்தாலும் கிடையாது. டிஸ்க் பாதி காலியாக இருந்தும் புரோகிராம் நின்ற காரணம் இதுதான்.

எண் இல்லாத வீடு

மறுநாள் காலை அவள் முதலில் செய்த வேலை, அந்த ஒற்றை வரிப் பிழைச் செய்தியோடு பிழை எண்ணையும் சேர்த்துக் காட்டும்படி மாற்றியது. சோதனைக் கணினியில் டோக்கன் வரம்பைக் குறைத்து வைத்து ஓடவிட்டாள். எண் வந்தது: 24. லினக்ஸில் அதற்குப் பொருள், ‘திறந்திருக்கும் ஃபைல்கள் மிக அதிகம்’. பத்து வருடமாக அந்த எண்ணை யாரும் அச்சிட்டுப் பார்க்கவில்லை.

அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் எந்தெந்த ஃபைல்களைத் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும் கட்டளையைப் போட்டாள். எல்எஸ்ஓஎஃப் என்று அதற்குப் பெயர். ஒரு நேரத்தில் ஒரு சீட்டுதான் திறந்திருக்க வேண்டும். வந்ததோ நாற்பது, ஐம்பது வரி. மாலையில் பார்த்தால் இன்னும் கூடியிருந்தது.

அந்தச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் ஓர் ஒற்றுமை இருந்தது. எல்லாமே, புரோகிராமால் முடிக்க முடியாமல், கையால் எழுதும் பட்டியலில் போய் விழுந்த ஆர்டர்கள். முகவரிகளைப் பார்த்தாள். தோட்டங்கள், கம்பத்து வீடுகள். வீட்டு எண் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. அந்த வீடுகளுக்கு எண்ணே கிடையாது.

டேட்டாபேஸில் இப்படி ஒன்றுமே எழுதாத கட்டத்தை நல் என்பார்கள். பூஜ்யம் அல்ல, காலி இடமும் அல்ல. ‘தெரியாது’ என்பதுதான் அதன் பொருள். பதித்த எஸ்க்யூஎல்லில் இப்படி ஒரு கட்டம் வரக்கூடும் என்றால், அதைச் சொல்ல பக்கத்திலேயே ஒரு சுட்டு மாறியை வைக்க வேண்டும். வைக்காமல் எடுத்தால், அவர்கள் பயன்படுத்தும் டிபி2 டேட்டாபேஸ் −305 என்று தவறு சொல்லும். பழைய புரோகிராமில் அந்த மாறி இல்லை.

தவறு வந்தால் என்ன செய்வது? பதித்த எஸ்க்யூஎல்லில் ‘வென்எவர்’ என்று ஒரு வரி உண்டு. தவறு எங்கே நடந்தாலும் நேரே இன்ன இடத்துக்குத் தாவு என்று ஒரு தடவை எழுதிவிட்டால் போதும். வசதியானதுதான். ஆனால் அது தீ விபத்துக் கதவு மாதிரி. மணி அடித்ததும் எல்லோரும் அந்தக் கதவு வழியாக ஓடிவிடுவார்கள். அடுப்பை அணைத்தது யார்?

யாரும் அணைக்கவில்லை. புரோகிராம் சீட்டு ஃபைலைத் திறக்கும். கர்சரைத் திறக்கும். வரியை எடுக்கும். வீட்டு எண் இல்லை என்றதும் தாவி ஓடிவிடும். ஃபைலையும் கர்சரையும் மூடும் வரிகள் தாவிய இடத்துக்கு நடுவில் கிடந்தன. நல்ல வழியில் போகும் ஆர்டர்கள் எல்லாம் ஒழுங்காக மூடிவிட்டுப் போயின. கெட்ட வழியில் போனவை மட்டும் மூடவே இல்லை.

“அப்படின்னா கர்சரும் திறந்தேதானே இருக்கும்? அது ஏன் கத்தல?” என்று கேட்டேன்.

“கத்திச்சுக்கா. வாயை மூடிட்டாங்க” என்றாள்.

கர்சருக்கு ஒரே பெயர். ஏற்கெனவே திறந்திருக்கும் கர்சரை மறுபடி திறக்கப் போனால் டிபி2 உடனே −502 என்று சொல்லிவிடும். முன்பு யாரோ ஒருவர் அந்தத் தவறைப் பார்த்திருக்கிறார். ஏன் திறந்து கிடக்கிறது என்று தேடாமல், திறக்கும் வரிக்கு மேலே ஒரு மூடும் வரியைச் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். திறந்திருந்தால் மூடிக்கொள்ளும். இல்லையென்றால் −501 என்று ஒரு முணுமுணுப்பு, அதைக் கண்டுகொள்ள வேண்டாம். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருப்பார்.

தீரவில்லை. மணியைக் கழற்றி வைத்துவிட்டார், அவ்வளவுதான். கர்சரும் ஃபைலும் ஒரே இடத்தில் ஒரே காரணத்தால் திறந்து கிடந்தன. கர்சர் ஒரு விரல் என்பதால் இரண்டாவது தடவையே சொல்லிவிட்டது. ஃபைல் ஒவ்வொரு முறையும் புது டோக்கன் வாங்குவதால் கடைசி டோக்கன் தீரும்வரை ஒரு சத்தமும் போடாது.

கூடவே இன்னொன்று. கையால் எழுதும் பட்டியலில் விழுந்த ஆர்டர்களை ஓர் அண்ணன் தினமும் காலையில் பொறுமையாக எழுதி அனுப்பிவிடுவார். ஒரு பார்சலும் தவறவில்லை. அதனால் ஒரு புகாரும் வரவில்லை. அவருடைய நல்ல மனசும் சேர்ந்து அந்த ஓட்டையை மறைத்துவிட்டது.

பத்து வருடம் ஏன் ஓடியது?

மேனேஜரின் கேள்வியில் நியாயம் இருந்தது. பத்து வருடம் ஓடியது, இப்போது மட்டும் ஏன் நின்றது?

அவள் ஒரு தாளில் கணக்குப் போட்டாள். சாதாரண நாளில் எண் இல்லாத முகவரி ஏறத்தாழ 50 வரும். கணினியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை நிறுத்தி ஓடவிடுவது அங்கே வழக்கம். 14 நாளுக்கு 700 டோக்கன். வரம்புக்குள்தான். நிறுத்தியதும் இயங்குதளம் எல்லா டோக்கனையும் பிடுங்கிக்கொள்ளும். திரும்பப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். அதனால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை.

தீபாவளி சமயத்தில் ஆர்டர் இரண்டு மடங்கு. எண் இல்லாத வீடுகளும் ஒரு நாளைக்கு 100. ‘சீசன் முடியும்வரை யாரும் எதையும் தொடாதீர்கள், நிறுத்தாதீர்கள்’ என்று உத்தரவு வேறு. பத்தாவது நாள் இரவு டோக்கன் தீர்ந்துவிட்டது.

யாரும் எதையும் தொட்டதால் அது நிற்கவில்லை உறவுகளே. யாரும் தொடாமல் இருந்ததால்தான் நின்றது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 1992 அக்டோபர் 26ஆம் தேதி, வண்டிகளைக் கணினி மூலம் அனுப்பும் முறைக்கு முழுமையாக மாறியது. முதல் இரண்டு நாளிலேயே பெரும் குழப்பம். பாதி கணினி, பாதி கை என்று சமாளித்தார்கள். நவம்பர் 4ஆம் தேதி, அதிகாலை இரண்டு மணி தாண்டியதும் கணினி மெதுவாகி, அப்படியே உறைந்துவிட்டது. மறுபடி காகிதத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

1993இல் வந்த விசாரணை அறிக்கை காரணத்தைச் சொன்னது. ஏறத்தாழ மூன்று வாரம் முன்பு வேலை பார்த்த ஒரு புரோகிராமர், கவனக்குறைவாக ஒரு சின்னத் துண்டு நிரலை உள்ளே விட்டுவிட்டார். வண்டி அனுப்பும் தகவல் உருவாகும் ஒவ்வொரு முறையும் அது சர்வரின் நினைவகத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், திருப்பித் தராது. மூன்று வாரத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. அங்கே நினைவகம், இங்கே ஃபைல் டோக்கன். நோய் ஒன்றுதான்: எடுத்ததைத் திருப்பித் தராதது. அங்கே காத்திருந்தது பார்சல் இல்லை, ஆம்புலன்ஸ்.

எப்படி மூடினாள்?

கூட்டத்தில் ஒருவர், “வரம்பை 4,096 ஆக்கிடலாமே, ஒரு நிமிஷ வேலை” என்றாராம். ஆக்கலாம். சாதாரண நாள் கணக்குக்கு அது ஏறத்தாழ 80 நாள் தாங்கும். தீபாவளி இரவில் நிற்பது சீனப் புத்தாண்டு இரவில் நிற்கும். உண்மையிலேயே நிறைய ஃபைல் தேவைப்படும் புரோகிராமுக்கு வரம்பை உயர்த்துவது சரி. ஓட்டை வாளிக்குப் பதில் பெரிய ஓட்டை வாளி வாங்குவது சரியில்லை.

இந்தத் துறையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக அவள் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலாவது, வெளியேறும் வாசலை ஒன்றாக்கினாள். ஆர்டர் நன்றாக முடிந்தாலும் தவறில் முடிந்தாலும் ஒரே இடத்துக்கு வந்துதான் போக வேண்டும். அங்கே ஃபைல் திறந்திருக்கிறதா, மூடு. கர்சர் திறந்திருக்கிறதா, மூடு. அதன் பிறகே அடுத்த ஆர்டர்.

இரண்டாவது, அந்த இடத்தின் தொடக்கத்தில் தாவும் கட்டளையை நிறுத்தி வைத்தாள். இல்லாவிட்டால் மூடும்போதே ஒரு தவறு வந்து, அது திரும்ப அதே இடத்துக்குத் தாவி, முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, வரியை எடுத்துப் பார்த்து எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே ஃபைலைத் திறக்கும்படி மாற்றினாள். திறந்திருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ, மறக்கும் வாய்ப்பும் அவ்வளவு குறையும்.

நான்காவது, வீட்டு எண்ணுக்குச் சுட்டு மாறியை வைத்தாள். எண் இல்லையென்றால் அது தவறு அல்ல, சீட்டில் அந்த இடத்தை விட்டுவிட்டு மேலே போ.

ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்தது. திறப்பதற்கு முன்பே மூடும் அந்தப் பழைய வரியை எடுத்துவிட்டாள். இனி எங்காவது கர்சர் திறந்து கிடந்தால் −502 வரட்டும், சத்தம் போடட்டும். பிறகு சோதனைக் கணினியில் வேண்டுமென்றே 2,000 கெட்ட ஆர்டர்களைத் தொடர்ந்து ஓடவிட்டு, முன்னும் பின்னும் டோக்கனை எண்ணினாள். இரண்டும் ஒரே எண்.

கர்சரிலும் மூன்று விஷயம் எச்சரிக்கை என்றாள். டிபி2வில் செய்த மாற்றங்களை ‘கமிட்’ போட்டு உறுதி செய்தால், சாதாரணக் கர்சர் தானாகவே மூடிக்கொள்ளும். ஆனால் ‘வித் ஹோல்ட்’ என்று அறிவித்த கர்சர் கமிட்டுக்குப் பிறகும் திறந்தே இருக்கும். அதை நாம்தான் மூட வேண்டும்.

ஆரக்கிளில் ஓர் இணைப்புக்கு இத்தனை கர்சர்தான் என்று வரம்பு உண்டு. மாற்றாமல் விட்டால் அது 50. புரோகிராம் ஓடும்போதே புதிது புதிதாகக் கர்சர்களை உருவாக்கி மூடாமல் விட்டால், ஓஆர்ஏ-01000 என்ற பிழையோடு நின்றுவிடும். அந்தத் துறையில் வெகு பேர் பார்த்த எண் அது.

ஐபிஎம் ஐ என்ற கணினிகளில் இன்னொரு விதம். கர்சரை மூடு என்று சொன்ன பிறகும், அடுத்த தடவை வேகமாகத் திறப்பதற்காக உள்ளே இருக்கும் தரவுப் பாதையைத் திறந்தே வைத்திருக்கும். இது தவறில்லை, வேகத்துக்காக வேண்டுமென்றே செய்வது. ஆனால் யாராவது அந்த அட்டவணையை மாற்றி அமைக்கப் போனால் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று தடுக்கலாம். எப்போது முழுதாக மூட வேண்டும் என்பதை, புரோகிராமைத் தொகுக்கும்போதே சொல்லிவிட ஒரு தெரிவு அங்கே இருக்கிறது. மூடினேன் என்று சொல்வதும் மூடியிருப்பதும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல.

அப்புறம்?

திருத்திய புரோகிராமை சீசனுக்கு நடுவில் போட வேண்டாம் என்று முடிவானது. அது சரியான முடிவுதான். தீபாவளி முடியும்வரை தினமும் அதிகாலை நான்கு மணிக்கு, லாரிகள் இல்லாத நேரத்தில், புரோகிராமை நிறுத்தி ஓடவிட்டார்கள். ஏன் நிறுத்துகிறோம் என்று தெரிந்து நிறுத்துவது வேறு. தெரியாமல் நிறுத்திப் பழகுவது வேறு. பண்டிகை முடிந்த அடுத்த வாரம் புதியது ஓடத் தொடங்கியது.

மேனேஜர் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. கணக்குப் போட்ட அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாராம். பிறகு, “இத எழுதி வை. அடுத்து வர்றவனுக்கு வேணும்” என்றாராம். அவளும் எழுதி வைத்தாள். முன்பு இருந்தவரின் பெயரை அதில் போடவில்லை. “அவருக்கும் அன்னிக்கு ராத்திரி யாராவது ‘சீக்கிரம், சீக்கிரம்’னு பின்னாடி நின்னிருப்பாங்கக்கா” என்றாள். எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு நெருடிக்கொண்டே இருக்கிறது. பத்து வருடமாக அந்தப் புரோகிராம் ‘தவறு’ என்று ஒதுக்கிய முகவரிகள் எதுவும் தவறான முகவரி அல்ல. மக்கள் வாழும் வீடுகள். எழுதியவருக்கு எண் இல்லாத வீடு என்று ஒன்று இருக்கும் என்பது நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு மட்டும் பட்டியலைப் பார்த்ததுமே பிடிபட்டதற்குக் காரணம் உண்டு. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். அந்த வீட்டுக்கும் எண் கிடையாது. “கோயிலைத் தாண்டி மூணாவது வீடு” என்றுதான் சித்தப்பா இன்றும் வழி சொல்வார்.

தீபாவளிக்கு முதல் நாள் இரவு அவளை என் காரில்தான் ஊருக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் சித்தப்பா காத்திருந்தார். கதையை முழுக்கக் கேட்டார். கர்சர், ஃபைல் எல்லாம் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த நம்பர் இல்லாத வீட்டு சாமானெல்லாம் தீபாவளிக்குள்ள போய்ச் சேந்துருச்சாம்மா?”

“சேந்துருச்சுப்பா. எல்லாம் சேந்துருச்சு.”

“அப்ப சரி” என்றவர், எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் சந்திப்போம் உறவுகளே. மைக்கை மூடிவிட்டேன். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.